பீரோவில் இருந்த பாஸ்போர்ட்

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். என் அப்பா காரமடைப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். என்னை மட்டும் டைப்ரைட்டிங் ஹையர் வரை படிக்க வைத்தார். எனக்குக் கல்யாணமாகி ஏழாம் மாதம் என் கணவர் சவூதிக்குப் போனார். அவர் விசைத்தறி ஃபிட்டர். அங்கே கம்பளம் நெய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

போய் இறங்கிய பிறகுதான் விசாவில் 'லேபர்' என்று எழுதியிருப்பது அவருக்குத் தெரிந்தது. லேபர் விசாவில் போனவர் மனைவியைக் கூட்டிக்கொள்ள முடியாது. வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது. ஊருக்கு வருவதென்றால்கூட முதலாளி கையெழுத்துப் போட்டு வெளியேறும் அனுமதி வாங்கித் தர வேண்டும். இதெல்லாம் எனக்குக் கேசட்டில் வந்து சேர்ந்த செய்திகள். மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவார். பேச்சுக்குப் பின்னால் ஏர்கூலர் ஓடுவது கேட்கும். சில சமயம் பேசி முடித்த பிறகும் டேப்பை நிறுத்த மறந்துவிடுவார். வெறும் கூலர் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் கடைசி வரை கேட்பேன். அந்த அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அது போதும்.

அவர் போய் ஒன்றேகால் வருஷம் ஆனபோது எங்கள் மில்லுக்கு இத்தாலியிலிருந்து புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பொருத்தித் தர அங்கிருந்தே ஒரு ஃபிட்டரும் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிடக் குறைவாகத்தான் ஆங்கிலம் பேசுவார். அவருடைய காகித வேலைகளை முதலாளி என் பொறுப்பில் விட்டார். முதல் வாரமே அவரைக் கோயமுத்தூரில் போலீஸ் அலுவலகத்தின் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன்.

அங்கிருந்த சப்-இன்ஸ்பெக்டர் நிதானமானவர். "ஆறு மாசத்துக்கு மேல தங்கற விசாங்க அம்மணி. வந்த பதினாலு நாளைக்குள்ள பதிஞ்சுபோடோணும். இவுரு உங்க மில்லுல மட்டுந்தான் வேலை செய்யலாம். ஊடு மாறுனாத் தகவல் சொல்லோணும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கும் அனுமதிப் புத்தகத்தில் முத்திரை குத்திய பிறகு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் அதை இத்தாலிக்காரர் கையில் கொடுத்தார்.

"இது அவுருகிட்டத்தான் இருக்கோணுமுங்க. கம்பெனி வாங்கி வெச்சுக்கக் கூடாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'உங்க பாஸ்போர்ட் உங்ககிட்ட இருக்குதுங்களா?' என்று அன்றைக்கே கணவருக்கு எழுதினேன். அடுத்த கேசட்டில் பதில் வந்தது. "இல்ல கண்ணு. இங்க எல்லாருதும் ஆபீஸ் பீரோவுல பூட்டி வெச்சிருக்குது. கேட்டா அடுத்த மாசம், அடுத்த மாசங்கறாங்க."

மெஷின்களின் சில பாகங்கள் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டதால் இத்தாலிக்காரரின் வேலை இழுத்தது. பத்து மாதம் ஆனது. அதற்குள் என் கணவரின் இரண்டு வருஷமும் முடிந்துவிட்டது. அவர் வருவார் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். அவர் வரவில்லை. ஆள் பற்றாக்குறை என்று அங்கிருந்த முதலாளி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்பதை எஸ்.டி.டி. பூத்தில் நின்றபடி அவர் சொல்லக் கேட்டேன். "பரவாயில்லைங்க, நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலிக்காரரின் மனைவிக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் என்று கடிதம் வந்தது. விசாவை நீட்டிக்க விண்ணப்பம் தயாரிப்பதற்காக அவருடைய பாஸ்போர்ட்டை அந்த வாரம் வாங்கி ஆபீஸில் என் பீரோவில் வைத்திருந்தேன். ஊருக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்ன அன்று முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"அம்மணி, அவுருது ஒரே தரம் உள்ள வர்ற விசா. இப்பப் போனா மறுக்கா விசா வாங்கி வர எத்தன மாசமாகுமோ. மெஷினு பாதியில நிக்கும். எக்ஸ்டென்சனுக்குப் பாஸ்போர்ட்டப் போலீஸ் ஆபீசுல குடுத்திருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. ஒரு மாசத்துல வேலை முடிஞ்சிரும், அப்பறம் போகட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா காய்ச்சலில் விழுந்தபோது தன் காரையே அனுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவர். நான் சரிங்க என்று தலையாட்டினேன்.

அன்று மதியம் இத்தாலிக்காரர் வந்து, "பாஸ்போர்ட்?" என்றார். "போலீஸ் ஆபீஸில்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். என் மேஜைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கழிவுப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"என் மனைவி 'வா' என்று எழுதவில்லை. 'பரவாயில்லை, வேலையை முடித்துவிட்டு வா' என்றுதான் எழுதியிருக்கிறாள். அதனால்தான் நான் போக வேண்டும்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கணவருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் நானும் அந்தப் 'பரவாயில்லை'யைத்தானே எழுதியிருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்டு, அவர் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்க சவூதியில் ஒருவரும் இல்லை. எழுந்து பீரோவைத் திறந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் பாஸ்போர்ட்டையும் திறந்திருந்த பீரோவையும் பார்த்தார். அது போலீஸ் அலுவலகத்துக்கே போகவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். தொழிலாளர்களிடம் பழகிய தமிழில், "ரொம்ப நன்றிங்க" என்றார். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார். தங்கும் அனுமதிப் புத்தகத்தைத் திருப்பி ஒப்படைக்கும் கடிதத்தை நான்தான் டைப் செய்து கொடுத்தேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. "ஏனம்மணி இப்படிச் செஞ்சுபோட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அவுரு பாஸ்போர்ட்டுங்க. நாம வெச்சுக்கக் கூடாதுன்னு போலீஸ் ஆபீசுலயே சொன்னாங்க" என்றேன். கணவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் என்னைப் பஞ்சுக் குடோனுக்கு மாற்றினார்கள். மெஷின்கள் நான்கு மாதம் தார்ப்பாய் மூடி நின்றன. பிறகு வேறொரு இளம் ஃபிட்டர் வந்து வேலையை முடித்தார். பழையவர் வரவில்லை. அவர் மனைவி எழுந்து நடந்தாரா என்று எனக்குத் தெரியாது.

நான் செய்த காரியத்துக்குப் பலனாக என் கணவர் சீக்கிரம் வந்துவிடவில்லை. இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. கேசட்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. குடோனில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவர் எப்படிச் சிரிப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன். ஒருநாள் அது நினைவுக்கு வரவே இல்லை. அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

ஒரு காலையில் பம்பாய் ரயிலில் கோயமுத்தூர் வந்து இறங்கினார். பாஸ்போர்ட்டில் 'இனித் திரும்பி வர வேண்டியதில்லை' என்று முத்திரை குத்தி, ஒரேயடியாக அனுப்பியிருந்தார்கள். முன்தலை நிறைய நரைத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "ஏன் கண்ணு இப்படி எளச்சுப் போயிட்டே?" என்றார்.

சில நாள் கழித்துக் காரமடைக்கு அப்பாவைப் பார்க்கப் போகும்போது, பஸ்ஸில் கணவரிடம் இத்தாலிக்காரர் கதையைச் சொன்னேன். "உங்க ஆபீசுலயும் எவனோ ஒருத்தன் சாவிய வெச்சிருந்திருப்பானுங்களே. அவன ரெண்டு வருசத்துக்கு மேல மனசுக்குள்ள திட்டியிருக்கறனுங்க" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பாக்குத் தோப்புகளைப் பார்த்தபடி இருந்தார்.

"சாவி வெச்சிருந்தவரு பாலக்காட்டுக்காரரு. நானும் ஒரு நா சண்டைக்கே போயிட்டேன். அவுரு பீரோவத் தொறந்து காட்டுனாரு. அடுக்குல மொதல்ல இருந்துச்சு, அவுரோட சொந்தப் பாஸ்போர்ட்டு. ஊருக்குப் போயி ஏழு வருசமாச்சாம்."

அந்த மனிதரின் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாலக்காடு எங்களுக்கு இரண்டு மணி நேரத் தூரம்தான்.