பக்கத்துக் கடைப் பெட்டி

தையல்காரியின் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். மெஷின் வாங்கிய பழைய கடன், தவணை பாதியில் நின்றுபோயிருந்தது. அதை அடைக்கும்வரை கணக்கில் விழும் பணம் வெளியே வராது.

"உங்க வாடிக்கைக்காரங்க என் கணக்குல போடட்டும் அக்கா. சாயந்திரம் கையில தந்துடறேன்," என்றாள் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஓரகத்தி.

வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். பணம் விழும்போதெல்லாம் ஓரகத்தி கடையிலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, தெருவுக்கே கேட்கும்படி தொகையைச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் தையல்காரிக்கு வயிறு பற்றி எரியும்.

"நாள் பூரா கொட்டுது அவளுக்கு," என்று புருஷனிடம் புலம்பினாள். "செருப்பைத் தங்கத்துலயா செஞ்சு விக்கிறா?"

"அதுல உன் பணமும் இருக்குடி."

"என் பணம் எந்த மூலைக்கு? தம்பி பொண்டாட்டின்னா உங்களுக்கு விட்டுக்குடுக்க மனசு வராதே."

ஓரகத்தி நாள் தவறாமல் கொடுத்த பணத்தைச் சேர்த்துத்தான் கடனை அடைத்தாள் தையல்காரி. கணக்கு திறந்தது. மறுநாள் தையல் கடைப் பெட்டி ஓயாமல் பேசியது. செருப்புக் கடைப் பெட்டி இருட்டும்வரை வாயே திறக்கவில்லை. இத்தனை நாளும் தையல்காரியின் வயிற்றை எரித்தது அவளுடைய சொந்தத் தையல் கூலிதான்.

மெல்ல எட்டிப் பார்த்தாள். ஆளே வராத கடையில் ஓரகத்தி காலை நீட்டி, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வச்சவ," என்று பல்லைக் கடித்தாள் தையல்காரி. "எப்படி நிம்மதியாத் தூங்கறா பாரு."