யன்னல் கொளுக்கியில் ஒரு கை

நான்கு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாத அடைமழை நாட்களில், மானிப்பாய்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகள் பிறந்து அப்போது ஒரு கிழமைதான். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வெட்கம் உங்களுக்கு முழுதாக விளங்காது.

அம்மா அதற்கு முந்தைய கார்த்திகையில் காலமாகிவிட்டார். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள அச்சுவேலியில் இருந்து அக்கா வந்திருந்தார். கணவருக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு வீடு என்று அயலவர்களும் வாசல் படலையடியில் நின்று விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் பகுதி மருத்துவிச்சியை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அவர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். பிள்ளை நித்திரை என்றாலும் எழுப்பிப் பால் கொடுங்கள், அறைக்குள் புகை போடாதீர்கள், யன்னலைத் திறந்து வையுங்கள். நான் முன்வாங்கில் இருந்து நன்றாகத் தலையாட்டினேன். பிள்ளையோடு வீட்டுக்கு வந்ததும் அக்காவின் ஆட்சி தொடங்கியது.

“பச்சை உடம்பிலை கூதல் பட்டால் சாகும்வரைக்கும் கை கால் உழையும்” என்று சொல்லி, யன்னல்களைப் பூட்டி, இடுக்குகளில் பழைய துணியை அடைத்தார். கட்டிலுக்குக் கீழே ஒரு மண்சட்டியில் சிரட்டைத் தணல் வைத்தார்.

“மிஸி புகை கூடாதெண்டவா, அக்கா.”

“தணலிலை எங்கையடி புகை?”

விஞ்ஞான ரீச்சருக்கு அது நியாயமாகவே பட்டது. உண்மையில் அந்தச் சூடு சுகமாக இருந்தது. குறைந்தால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நானே கேட்பேன். மிஸி வருவதற்கு முன் போனில் சொல்லிவிடுவார். உடனே அக்கா சட்டியைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டு, யன்னல்களை விரியத் திறந்து, ஒன்றும் அறியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்வார்.

தணல் வைத்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தலையிடி தொடங்கியது. அன்று மத்தியானம், மழை இருட்டில் அரைக்கண்ணாகக் கிடந்தபோது யன்னலடியில் யாரோ நிற்பது தெரிந்தது. வெளியே அல்ல, அறைக்குள். ஈரச் சேலை, முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கை யன்னலைப் பூட்டும் கொளுக்கியில் இருந்தது. கொண்டையையும் தோள் சரிவையும் பார்த்தவுடன் என் உடம்பு விறைத்துவிட்டது. அது அம்மா. கத்தவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. கண்ணை மூடித் திறந்தபோது ஆளைக் காணவில்லை.

பலவீனத்தில் வந்த கனவு என்று நினைத்து யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, என் அறையில் பாய் போட்டுப் படுத்திருந்த அக்கா வெளிறிப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

“ஆரோ கொளுக்கியைச் சுரண்டுற சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தன். எங்கடை அம்மா நிக்கிறா.”

நான் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

காரணமும் கையோடு கிடைத்தது. அம்மாவின் ஆட்டைத் திவசம், முதல் வருடத் திதி, அந்தக் கிழமையில்தான் வந்தது. பிள்ளை பிறந்த துடக்கு என்பதால் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியட்டும் என்று தள்ளி வைத்திருந்தோம். “பசியோடை வந்து நிக்கிறா” என்று அக்கா அழுதார். நெருப்பு இருக்கும் இடத்துக்கு அப்படிப்பட்டவர்கள் கிட்ட வரமாட்டார்கள் என்று சொல்லி, சட்டி நிறையத் தணல் போட்டார். அம்மா அடிக்கடி வரத் தொடங்கினார்.

ஒரு விசயம் மட்டும் புதினமாக இருந்தது. மிஸி வந்துபோன நாட்களில் அம்மா வரமாட்டார். தலையிடியும் பின்னேரம் வரை இருக்காது. எல்லாம் மிஸியின் கைராசி என்று அக்கா சொன்னார்.

பிள்ளையோ அழுவதே இல்லை. இரண்டு வாய் குடிக்கும், உறங்கிவிடும். இப்படியொரு தங்கமான பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று நான் பெருமைப்பட்டேன். அம்மாதான் பக்கத்தில் இருந்து தாலாட்டுகிறார் என்று அக்கா சொன்னபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும். கொட்டும் மழையில், மழைக்கோட்டோடு மிஸி சொல்லாமல் வந்து நின்றார்.

“போனமுறை நிறை குறைவாக் கண்டதிலையிருந்து மனம் சரியில்லை. பிள்ளையை ஒருக்காப் பாப்பம்.”

அறை வாசலில் அப்படியே நின்றார். துணி அடைத்த யன்னலைப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பிள்ளையை அள்ளிக்கொண்டு விறாந்தைக்கு நடந்தார். “தங்கச்சி, நீங்களும் கெதியா வெளியிலை வாங்கோ.” நான் எழும்பினேன், கால் மடிந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போனேன்.

“யன்னலைத் திறவுங்கோ” என்று மிஸி அக்காவிடம் சொன்னார். அக்கா அசையவில்லை.

“அங்கை அம்மா நிக்கிறா, மிஸி.”

“ஆர் நிண்டாலும் நிக்கட்டும். திறவுங்கோ.”

மிஸி பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார். சத்தமில்லை. தலை ஒரு பக்கம் தொய்ந்து கிடந்தது. “அழு குஞ்சு, அழு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் பிள்ளை அழவேண்டும் என்று நான் கடவுளைக் கெஞ்சியது அன்றைக்குத்தான். உள்ளே அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு கொளுக்கியைத் தட்டிவிட்டார். யன்னல் படாரென்று திறந்து மழைக்காற்று வீட்டுக்குள்ளால் வந்து எங்கள் முகத்தில் அடித்தது. அப்போது பிள்ளை அழுதாள். பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கும் எனக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். காபனோரொட்சைட்டு என்றார் டொக்டர். பூட்டிய அறையில் தணல் எரிந்தால் வரும் நச்சு வாயு. மணமில்லை, நிறமில்லை, தலையிடி தரும், மயக்கும், இல்லாததைக் காட்டும், கடைசியில் கொல்லும். இதையெல்லாம் நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது தலைகுனிந்துதான் பதில் சொன்னேன்.

மிஸி ஏசவில்லை. போகும்போது ஒன்று மட்டும் கேட்டார். “எனக்கு ஏன் ஒளிச்சனீங்கள்? நான் என்ன பொலிஸோ?”

முப்பத்தொன்று கழிந்து திவசம் செய்தோம். மகள் இப்போது வீடு அதிரக் கத்துகிறாள், நான் ஏசுவதே இல்லை. அம்மா பிறகு ஒருநாளும் வரவில்லை. எல்லாம் அந்த வாயு செய்த வேலை என்று எனக்குத் தெரியும், வகுப்பில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் நானும் அக்காவும் தனித்தனியே கண்டபோதும் அவர் கை ஏன் அந்தக் கொளுக்கியிலேயே இருந்தது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் விளக்கம் இல்லை. சோறு கேட்டு வந்தார் என்று நினைத்து நாங்கள் பயந்து கிடந்தோம். யன்னலைத் திறக்கத்தான் அவர் அத்தனை நாளும் போராடினாரோ என்ற நினைப்பில், என்ன மழை பெய்தாலும் அந்த ஒரு யன்னலை மட்டும் நான் இன்றுவரை பூட்டுவதில்லை.