சபியா தந்த நீலம்

இன்று மட்டக்களப்புக் கடையொன்றில் கையால் செய்த நீர்வண்ணக் கட்டிகள் பார்த்தேன்.

"விளாம்பிசின்ல குழைச்சதும்மா, இப்ப புதுசா வந்திரிக்கி," என்றாள் விற்ற பெண்.

எனக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. சிரித்துக்கொண்டேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், நான் பள்ளியில் படித்தபோது, கடைகளில் வர்ணப் பெட்டி கிடைக்கவில்லை. நானும் என் வகுப்புத் தோழி காத்தான்குடிச் சபியாவும் மஞ்சளையும் விளக்குக்கரியையும் விளாம்பிசினில் குழைத்துத்தான் படம் வரைந்தோம். நீலத்துக்கு மட்டும் வழியில்லை.

சித்திரப் போட்டியில் வாவியை வரையச் சொன்னார்கள். சபியா ஒரு சிரட்டையை நீட்டினாள். நெசவு செய்யும் அவள் வாப்பாவின் சாயப் பானையில் மிதந்த நீல நுரையை வழித்துக் காயவைத்திருந்தாள். ஒரு படத்துக்குத்தான் போதும்.

"நீ எடுகா. நான் கரியால தீட்டுறன்."

"கரியால வாவியா?"

"ஓம்."

நான் நீலம் முழுவதையும் பூசினேன். அவள் கரியைத் தண்ணீரில் கரைத்து, மழை இறங்கப்போகும் வாவியை வரைந்தாள். பரிசுத் தூரிகை அவளுக்குக் கிடைத்தது.

இரண்டு நாள் நான் அவளுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே தூரிகையுடன் வந்தாள்.

"கிழமைக்கொருக்கா மாத்தி மாத்தி வெச்சிக்குவம்."

அவள் கலியாணம் முடித்துப் போன கிழமை, தூரிகை என் முறை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சபியாவின் பேரப்பிள்ளைகள் இதைப் பார்த்தால் எழுதுங்கள். திருப்பித் தருவேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.