மலையாண்டி சேத்த ஒத்தை எழுத்து

கீரமங்கலத்துல போர்டு எழுதுற மலையாண்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது, சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க மட்டுந்தான். இங்கிலீசு எழுத்தையெல்லாம் தீப்பெட்டியிலயும் பிஸ்கோத்து டப்பாவுலயும் பாத்து, படம் வரையிற மாதிரியே பழகிட்டாரு. ஒவ்வொரு எழுத்தும் கொழுத்த எருமைக்கன்னு மாதிரி நிக்கும். ஆலங்குடியிலேருந்து பாத்தாலே தெரியும்னா பாத்துக்கங்க.

முப்பத்தெட்டாம் வருசம் சந்தைக்குப் பக்கத்துல அடைக்கலம் காப்பிக் கிளப்பு வச்சாரு. மலையாண்டி இங்கிலீசுல போர்டு எழுதி மாட்டுனாரு. அடைக்கலம் வெரலை மடக்கி எண்ணுனாரு.

"என்னய்யா, ஆறு எழுத்து நிக்கிது? ரெட்டைப்படை!"

"காப்பிக்கு அம்புட்டுத்தாங்க. டப்பாவுல அப்படித்தான் இருக்கு."

"சீர்த்தட்டே அஞ்சு, ஏழு, பதினொண்ணுன்னுதான் தூக்குறோம். ஆறை வச்சுக் கடையத் தெறந்தா வெளங்குமா? கடைசியில ரெண்டு சீப்பு மாதிரி நிக்கிதுல்ல, இன்னொரு சீப்பு போடு."

போட்டாரு. அன்னைக்கு வந்த கூட்டத்துல காப்பி தீந்துபோயி, நாலு பேரு வெந்நீரைக் குடிச்சுட்டு, பேஷா இருக்குன்னு போனாங்க. அப்புறம் கேக்கணுமா? சோடாக் கடைக்கு நாலு எழுத்து அஞ்சாச்சு. தையக்கடைக்கு ஆறு ஏழாச்சு. வல்லத்திராக்கோட்டை வரைக்கும் ரெட்டைப்படைப் போர்டே கெடையாது.

அப்பத்தான் வந்து எறங்குனாரு, திருச்சியில படிச்ச பழனிச்சாமி வாத்தியாரு. போர்டைப் பாத்தவுடனே வாயில இருந்த காப்பியத் துப்பிட்டாரு.

"தப்பு! அத்தனையும் தப்பு! வெள்ளைக்காரன் பாத்தா கப்பலேறி ஓடிருவான்!"

"நல்லதுதானுங்களே," ன்னாரு அடைக்கலம்.

வாத்தியாரு விடலை. கடை கடையா ஏறி மானத்தை வாங்குனாரு. கடைசியில அடைக்கலமே மலையாண்டிக்கிட்ட வந்து, "கோவிச்சுக்காதப்பா, தீவாளிக்குள்ள திருச்சி ஆளை வச்சு எல்லாப் போர்டையும் மாத்தப்போறோம்," ன்னுட்டாரு.

மலையாண்டி பொழப்புல மண்ணு. பொஞ்சாதி பொன்னுத்தாய் வேற, "ஆடு மேய்க்கப் போங்க. ஆடாச்சும் ஒங்களை நல்லா பாத்துக்கிரும்," னா.

இதுக்கு நடுவுல வாத்தியாரு சொந்தமா இங்கிலீசு பள்ளிக்கூடம் தெறந்தாரு. திருச்சி ஆளு எழுதுன போர்டு. ஸ்கூல்னு ஒரே வார்த்தை, சுத்தமான ஆறு எழுத்து. விசயதசமியன்னைக்கு ஊரே பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்துச்சு. படிக்கத் தெரியாட்டியும் எண்ணத் தெரியும்ல? எண்ணுனாங்க. ஆறாவது எழுத்துல எல்லாரும் நின்னுட்டாங்க.

"எழுத்து சரிம்மா! புத்தகத்துலயே இப்படித்தான்!" வாத்தியாரு தொண்டை கிழியக் கத்துனாரு.

கடலை விக்கிற சொர்ணம் மகனை இடுப்புல ஏத்திக்கிட்டு, "எழுத்து சரிங்க, எண்ணிக்கைதான் சரியில்ல. அடுத்த வருசம் வாரோம்," னா.

கூட்டம் திரும்புது. வாத்தியாரு வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு மலையாண்டி வீட்டுக்கு ஓடி, பிரசும் கையுமா இழுத்தாந்தாரு.

"எந்த எழுத்தைங்க சேக்க?"

"எதையாச்சும் போட்டுத் தொலை. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்."

நடுவுல ரெண்டு முட்டை இருந்துச்சு. மலையாண்டி பக்கத்துல மூணாவது முட்டையச் சொருகுனாரு. பிள்ளைக குபுகுபுன்னு உள்ள போயிருச்சுக.

அதுக்கப்புறம் திருச்சி ஆளு பேச்சை யாரும் எடுக்கலை. வாத்தியாரு மட்டும் அந்தப் போர்டைப் பாக்கக் கூடாதுன்னு, வயசாகி ஓயிற வரைக்கும் பின்பக்கத்து வேலியத் தாண்டித்தான் பாடம் நடத்தப் போனாரு.