மைக் அக்கா கூப்பிடுகிறார்

மின்விசிறியை நிறுத்துகிறார். வளையல்கள் குலுங்காதபடி முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்கிறார். எச்சிலை விழுங்கிவிட்டு, பிறகுதான் மைக்கின் பொத்தானில் விரல் வைக்கிறார். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால், பேருந்து நிலையத்தில் தூங்குகிறவன்கூட எழுந்து தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஊர் முழுக்க அவருக்கு மைக் அக்கா என்றுதான் பேர். ஆனால் முகம் தெரிந்தவர்கள் குறைவு. காய்கறிக் கடையில் அவர் வாயைத் திறந்து விலை கேட்ட பிறகுதான், "அட, நீங்கதானாக்கா" என்று கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

அறிவிப்பு அறை என்று பேர்தான். காலை நீட்டினால் சுவர் இடிக்கும். ஒரு மேசை, ஒரு கண்ணாடிச் சன்னல், அந்த மைக். அதை வேறு யாரும் தொடக் கூடாது. ஊதிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு அறவே ஆகாது. ஒருமுறை நிலைய மேலாளரே ஆசைப்பட்டு ஊதிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "அந்தப் பக்கம் ஆயிரம் பேரு காது இருக்கு சார். எல்லாத்துலயும் போய் ஊதுவீங்களா?"

தொலைந்தவர்களைக் கூப்பிடுவதில்தான் அக்கா உயிரையே வைப்பார். கூட்டத்தில் பிரிந்த குழந்தையோ, வழி தவறிய பெரியவரோ, போட்டிருக்கும் உடுப்பைக் கண்முன் நிற்கிற மாதிரி சொல்வார். சொன்னதும் அடுத்த அறிவிப்புக்குத் தாவமாட்டார். ஆள் நடந்து வந்து சேருகிற நேரத்தைக் கொடுத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். "கூப்பிட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா எவன் வருவான்?"

போன வருட வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று பேசிய நடத்துநர்கள் சிலரை, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை ஒருவரும் திரும்பவில்லை. கேட்டால், அப்படி யாரையும் கூட்டி வரவே இல்லை என்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதில் ஒருவன், நிலையத்தைப் பெருக்குகிற அம்மாவின் இளைய மகன். அந்த அம்மா ஒருநாள் துடைப்பத்தோடு சன்னலடியில் வந்து நின்றார்.

"என் குரல் அந்தத் தூண் வரைக்கும்கூடப் போகாது. உன் குரல் ஊரெல்லாம் போகுது. என் சின்னவனை ஒரு தடவை கூப்பிட்டுப் பாரும்மா."

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். அரசாங்க மைக்கில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். மைக் உங்களுடையது, தொண்டை என்னுடையது என்று சொல்லிவிட்டு, அக்கா அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தைத் திடலுக்குப் போனார். அங்கே வெள்ளிதோறும் கவிதைக் கூட்டம் நடக்கும். தாளைப் பார்த்துப் படிப்பதெல்லாம் கிடையாது; எழுந்து நின்று, மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஆட்சியை வெளுத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அக்காவுக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்ததைச் சொன்னார்.

"பயணிகளின் கவனத்திற்கு.
சாம்பல் நிறச் சட்டை. மேல் பொத்தான் இல்லை.
தைத்துக் கொடுக்க உங்கள் அம்மா
ஊசியில் நூலைக் கோத்து வைத்திருக்கிறார்.
எங்கே இருந்தாலும் சன்னலுக்கு வரவும்."

வழக்கம்போல் நிறுத்திவிட்டு, திடலின் வாசலைப் பார்த்தார். கூட்டம் மொத்தமும் திரும்பித் தெருவைப் பார்த்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் பார்த்தார். வந்தது வினை. அக்கா வாரம் ஒரு நடத்துநரைக் கூப்பிட்டார். வாராவாரம் கூட்டம் பெருகியது. கைதட்டல் கிடையாது; எல்லோரும் தெருவைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். திட்டித் தீர்த்த கவிதைகளையெல்லாம் விட்டுவிட்டு, மேலிடம் இதற்குத்தான் பயந்தது.

திடலைக் கம்பி போட்டு அடைத்தார்கள். நாலு பேர் கூடும் இடத்தில் கவிதை சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஓட்டுநரான கணவர் சாப்பாட்டுத் தட்டில் கைவைத்தபடி சொன்னார்: "முகத்தை மூடிக்கிட்டுப் போனாலும் உன் குரலை ஊருக்கே தெரியும். நம்ம பொண்ணை நினைச்சுப் பாரு." அக்கா நினைத்துப் பார்த்தார். பேருந்து, நேரம், மேடை எண், அதோடு சரி; ஒரு வார்த்தை கூடினாலும் வேலை போகும், வீட்டு வாசலுக்கு வேனும் வரும் என்று மேலாளரும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். அக்கா சில வாரங்கள் வாயை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

போன வெள்ளி சாயங்காலம் நிலையத்தில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். எல்லோரும் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துகள் வந்தன, போயின, யாரும் ஏறவில்லை. அக்கா உற்றுப் பார்த்தார். அத்தனையும் திடலில் பார்த்த முகங்கள். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டி அனுப்பியிருக்கலாம். பெருக்குகிற அம்மா சன்னலடியில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றார். அவரும் கேட்கவில்லை.

அடுத்த பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா மின்விசிறியை நிறுத்தினார். பக்கத்து அறையில் மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. வளையல்களை ஏற்றிவிட்டுக்கொண்டார். கண்ணாடிச் சன்னலை முழுதாகத் திறந்தார். யாரையும் தொடவிடாத அந்த மைக்கைத் தூக்கி, அந்த அம்மாவின் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்து, பொத்தானை அழுத்தினார்.