உள்ளே: 2

இது கற்பனை இல்லை. கற்பனை பண்ணி எழுத எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கொன்றும் குடி முழுகிவிடாது. பட்டறையில் இந்த ஒரு வருஷமாக நான் சொன்ன எதை யார் நம்பினார்கள்?

இன்னொன்று. ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை எல்லாம் இதில் வராது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ஜன்னலில் வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது மணி மத்தியானம் 1:50.

நிமிஷம் பிசகாமல் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். கதவு எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் பட்டறை ஒரு பழைய செருப்புக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. பொதுப் பட்டறை. சாலிடரிங் அயர்னில் இருந்து லேத் வரைக்கும் எல்லாம் எல்லாருக்கும் சொந்தம். கருவி வாங்க வக்கில்லாதவர்களும், வாங்கியும் வைக்க வீட்டில் இடமில்லாதவர்களும் சேர்ந்து நடத்துகிறோம். மொத்தம் இருபது பேருக்குள். ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு அட்டை. உள்ளே வரும்போது கதவில் அட்டையைத் தட்ட வேண்டும், போகும்போதும் தட்ட வேண்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும். ‘உள்ளே: 5’ என்கிற மாதிரி. பூஜ்யம் வந்தால் ஒரு நிமிஷத்தில் மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட் போய்விடும். இந்தக் கதவும் நாங்கள் செய்ததுதான். அதன் பதிவை யாராலும் அழிக்க முடியாது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பீற்றிக்கொள்வோம்.

இரண்டாவது சட்டம் சிவப்புச் சீட்டு. ஒரு மெஷினில் கோளாறு என்று கண்டால், உன் எண்ணையும் காரணத்தையும் சிவப்பு அட்டையில் எழுதி, கம்பியால் மெஷினில் கட்டிவிட வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்கணும். மற்றவர்கள் தொடவே கூடாது.

சட்டம் போட்டது மாஸ்டர். பட்டறையை ஆரம்பித்தவர், எண் 1. “இங்க பெரியவன் சின்னவன் கெடையாது” என்று மைக் கிடைத்தால் முழங்குவார். பெரியவன் சின்னவன் இல்லாத அந்த இடத்தைப் பெருக்குவதற்கு மட்டும் ஒருத்தி வேண்டியிருந்தது. நான், எண் 19.

என் அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எலெக்ட்ரிகல். சிபாரிசு செய்ய எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. மாஸ்டர் எழுதித் தருவதாகச் சொன்ன ஒரு கடிதம்தான் எனக்கு மாமன், மச்சான் எல்லாம். அந்தக் கடிதம் இருந்தால் ஒரு வேலை கிடைக்கும். அதற்கு ஒரே நிபந்தனை. பார்வையற்றோர் பள்ளி வாசலில் வைக்க, வருகிற பஸ்ஸின் எண்ணைக் குரலில் சொல்லும் பன்னிரண்டு பெட்டிகள். திங்கள் காலை ஒன்பது மணிக்குள் தயாராக வேண்டும். சர்க்யூட் முழுக்க என் வேலை. வெளிக்கூடு வெட்டுவது மட்டும் பாக்கி.

வெட்டுகிற லேசர் மெஷின் சனிக்கிழமை படுத்துவிட்டது. “ஸ்டோர்ல பழசு ஒண்ணு துணி போட்டுக் கெடக்கு. எடுத்து வெச்சுட்டேன். சரி பண்ணியாச்சு, ஓட்டு” என்றார் மாஸ்டர்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் இருந்தபடியே நான் கதவின் புரோகிராமைச் சுத்தம் செய்தேன். அதில் ஒரு வரி இருந்தது. உள்ளே இருப்பவர்களை எண்ணி முடித்த பிறகு, ஒன்றைக் கழி. எதற்கு என்று விளக்கம் இல்லை. யாரோ அரைகுறை செய்த ஒட்டுவேலை என்று தலையில் அடித்துக்கொண்டு அழித்துவிட்டேன்.

ஞாயிறு. 1:50. அட்டையைத் தட்டினேன். ‘பீப்’.

உள்ளே: 2.

யாரோ முன்னாலேயே வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். “யாரு உள்ள?” என்றேன். பதில் இல்லை. எப்போதும் அப்படித்தான். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பாத ஜென்மங்கள்.

பையை வைத்தேன். பழைய மெஷினின் துணியை உருவினேன்.

மூடியில் சிவப்புச் சீட்டு தொங்கியது.

‘7. மூடியைத் தொடாதீங்க. பாடியில கரண்ட் வருது.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழா? பட்டியலில் ஆறுக்கு அடுத்து எட்டுதான். சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். “அது வெளிநாடு போயிருச்சு” என்று பேச்சை மாற்றிவிட்டார்கள்.

2:03. மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

“மாஸ்டர், பழைய மெஷின்ல சிவப்புச் சீட்டு தொங்குது.”

“யாரு கட்டினது?”

“ஏழுன்னு போட்டிருக்கு. யாரு அது?”

அவர் தொண்டையைச் செருமினார்.

“பழைய சீட்டா இருக்கும். பிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரும்மா.”

“கட்டினவங்கதானே அவுக்கணும்? நீங்க போட்ட சட்டந்தானே அது?”

“சட்டம் பேசவா உன்னை வரச் சொன்னேன்? உனக்கு லெட்டர் வேணுமா, வேணாமா?”

வைத்துவிட்டார்.

என் மேலேயே எனக்குக் கோபம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று. அந்தக் கோபத்தில் கம்பியை முறுக்கி அவிழ்த்தேன். சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் வீசினேன்.

பழைய சீட்டு என்றார். என் கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது. ஈரமாக.

பின்பக்கம் போய் அக்ரிலிக் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மூடியில் சிவப்புச் சீட்டு தொங்கியது.

அதே கையெழுத்து. கீழே ஒரு வரி கூடுதல்.

‘7. மூடியைத் தொடாதீங்க. பாடியில கரண்ட் வருது. போன வாரமே சொன்னேன்.’

“எவன்டா அது? விளையாட்டு மயிரா இது? தைரியம் இருந்தா முன்னால வா!”

கத்தினேன். லேத்துக்குப் பின்னால் பார்த்தேன். ஸ்டோரில் பார்த்தேன். கக்கூஸ் கதவை எட்டி உதைத்துத் திறந்தேன். மேஜைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

ஒருவரும் இல்லை.

கதவுக்கு மேலே பார்த்தேன். உள்ளே: 2.

2:21. போன் அலறியது. தூக்கிவாரிப்போட்டது. அம்மா.

“சாப்ட்டியாடி?”

“அப்புறம் பேசுறேம்மா.”

“பக்கத்துல யாரோ இருமுறாங்களே, யாரு?”

“...யாரும் இல்லம்மா.”

“இருமுற சத்தம் கேக்குதே. பொம்பளப் புள்ள. புகை கிகை அடிக்குதா அங்க?”

அப்போதுதான் மூக்கில் ஏறியது. சாலிடரிங் புகை. ஜன்னல் ஓர மேஜையில் ஒரு அயர்ன் சிவப்பு விளக்குடன் சூடாக இருந்தது. நான் போடவில்லை. பக்கத்தில் நுனியைத் துடைக்கும் பஞ்சு, நனைத்து வைத்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

முன்னால் இருந்த சக்கர நாற்காலி லேசாகச் சுழன்றது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

பயந்தேனா என்றால், பயந்தேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு பெட்டி. ஒரு கடிதம். அதற்கும் குறுக்கே ஒருத்தியா? உயிரோடு இருப்பவர்கள் போதாதென்றா?

நேராக மெஷினுக்குப் போனேன். பிளக்கைச் செருகினேன். சுவிட்சைத் தட்டினேன். பம்ப் ‘குர்ர்ர்’ என்று ஓட ஆரம்பித்தது.

சீட்டைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பிடிவாதம்.

மூடியின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினேன்.

கழுத்து அட்டையின் நாடா பின்னால் இழுபட்டது.

ஒரே இழுப்பு.

மல்லாக்க விழுந்தேன்.

பின்னால்... யாரும் இல்லை.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. எனக்குத் தெரியும் அது என்ன மூச்சு என்று. சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவள் விடுகிற மூச்சு. நான் தினமும் விடுவது.

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். நுனியை மெஷினின் உடம்பில் வைத்தேன்.

பளிச்.

டெஸ்டர் விளக்கு எரிந்தது. முழுசாக.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தேன். எர்த் ஒயர் எங்கேயும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் கரண்டை நிறுத்துகிற சுவிட்சும் வேலை செய்யாதபடி ஒரு துண்டு நீல ஒயரைக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

சரி பண்ணியாச்சு என்றாரே...

3:04. பையை அள்ளிக்கொண்டு கதவில் அட்டையைத் தட்டினேன். ‘பீப்’.

உள்ளே: 1.

வெளியே வந்தேன். படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கதவு மூடவில்லை.

யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி... அப்படியே நின்றது.

‘பீப்.’

உள்ளே: 0.

என் தோளை உரசிக்கொண்டு, சாலிடரிங் புகை வாசனை படியிறங்கிப் போனது.

ஒரு நிமிஷத்தில் கட்டடத்துக்குக் கரண்ட் போய், அந்தச் சிவப்பு எழுத்தும் அணைந்தது.

நான் ஓடினேன்.

அன்று சாயங்காலமே போர்டு எழுதும் கடை ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடிப் பன்னிரண்டு கூடுகளையும் வெட்டி வாங்கினேன். பெட்டிகள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போயின. மாஸ்டர் அவற்றோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பெயர்ப் பலகையில் அவர் பெயர் மட்டும். நான் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன், எல்லார் முன்னிலையிலும். “ஏழு யாரு?” கடிதம் அத்தோடு போயிற்று. நானும் என் அட்டையை மேஜையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

பதில் சொன்னவர் எண் 4, தச்சர் அண்ணன். டீக்கடை வாசலில், தரையைப் பார்த்துக்கொண்டு.

“மூணு வருஷம் ஆச்சும்மா. உன் வயசுப் புள்ள. அதே மெஷின். கரண்ட் வருதுன்னு அதுதான் சீட்டு கட்டுச்சு. சனிக்கிழமை யாரோ பெரிய ஆளுங்க பார்க்க வந்தாங்க. சிவப்பா தொங்கினா அசிங்கமா இருக்குன்னு மாஸ்டர் அவுத்துட்டாரு. மறுநா அது வந்து பார்த்துச்சு. சீட்டு இல்ல. கட்டினது தான்தானே, தன்னக் கேக்காம அவுத்திருக்க மாட்டாங்க, சரி பண்ணித்தான் அவுத்திருப்பாங்கன்னு நெனச்சுருக்கும். மூடியத் தொட்டுருச்சு.”

“நீங்க எல்லாரும் என்ன பண்ணீங்க?”

“பின்னாடி சரக்கு லிஃப்ட்ல எறக்கினோம்.”

“அதக் கேக்கல. அப்புறம் என்ன பண்ணீங்க?”

அவர் டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டார்.

சரக்கு லிஃப்டில் அட்டை தட்டுகிற இடம் கிடையாது. அதனால் கதவைப் பொறுத்தவரை அவள் வெளியே போகவே இல்லை. காலிக் கட்டடம் ‘உள்ளே: 1’ என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பதிவை அழிக்க முடியாதே! அதற்காக மாஸ்டர் ஒரு வரி எழுதினார். ஒன்றைக் கழி. ஒரு உயிருக்கு இவர்கள் செய்த மரியாதை அவ்வளவுதான்.

தச்சர் அண்ணன் எடுத்து அனுப்பிய பதிவை நானே பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிறு, 1:38, எண் 7 உள்ளே. அதன் பிறகு ஒன்றும் இல்லை. போன ஞாயிறு, 3:04:11, எண் 19 வெளியே.

3:04:19, எண் 7 வெளியே.

அவள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவளுடைய அம்மா எடுத்தார். அந்த அட்டை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

“அவ கழுத்துல கெடந்ததும்மா. கழட்ட மனசு வரல. அதோடயே அனுப்பிட்டோம்.”

இங்கே முடித்திருப்பேன். நேற்று தச்சர் அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

மாஸ்டர் தனியாக உள்ளே போனால் கதவு அவரை எண்ணுவதில்லையாம். அட்டையைத் தட்டுகிறார், ‘பீப்’ வருகிறது, மேலே ‘உள்ளே: 0’ என்று ஓடுகிறது, ஒரு நிமிஷத்தில் கரண்ட் போகிறது. வேறு யார் போனாலும் சரியாக எண்ணுகிறது. மூன்று முறை அட்டையை மாற்றிவிட்டாராம். அந்தக் கழித்தல் வரியை யாராவது திரும்பப் போட்டிருப்பார்கள் என்று நினைத்து, புரோகிராமை எனக்கு அனுப்பச் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தேன்.

அந்த வரி இல்லை.