சித்ரகலா முழுசாய்த் தைத்த லினன் டாப்

திருப்பூர் அருள்புரம் பனியன் கம்பெனியில் சித்ரகலாவுக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேலை, கை ஏற்றுவது, அதாவது டீ-சர்ட்டுக்குக் கை வைத்துத் தைப்பது. முன்பக்கம் பின்பக்கமெல்லாம் யாரோ சேர்த்துக் கொண்டுவந்து போடுவார்கள். இவள் ஓவர்லாக் மெஷினில் இரண்டு கையையும் ஏற்றித் தள்ளிவிடுவாள். கழுத்துக்கு ஒருத்தி, அடிமடிப்புக்கு இன்னொருத்தி. லட்சக்கணக்கில் கை ஏற்றியிருப்பாள், ஆனால் 'இது நான் தைத்தது' என்று எடுத்துக் காட்ட ஒரு உருப்படி கிடையாது. அந்தக் குறை அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு.

இந்த வருஷம் ஆயுதபூஜைக்கு, தானே முழுசாகத் தைத்த லினன் டாப்பைப் போட்டுக்கொண்டுதான் கம்பெனிக்குள் நுழைவது என்று முடிவெடுத்தாள். ஷோரூமில் தொங்குகிற லினன் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் மிச்சத் துணியை எடை போட்டு விற்கிற கடையில் புகுந்து, குவியலைக் கிளறிக் கிளறி, சாம்பல் கலந்த பச்சையில் இரண்டரை மீட்டர் துண்டு ஒன்றைப் பிடித்தாள். நூல் வீட்டில் இருந்தது. மெஷின், பக்கத்து வீட்டில் ரவிக்கை தைக்கிற ஜெயசுதாவுடையது.

அளவுக்கு எங்கே போவது? வீட்டில் போடுகிற பனியன் துணி டாப் ஒன்றை லினன்மேல் விரித்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை ஓட்டிவிட்டாள். ஜெயசுதா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, இது என் துணி என்று இவள் அடக்கிவிட்டாள். ஐயோ பாவம், அன்றைக்கு அவளைப் பேச விட்டிருக்கலாம்.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தாள். கழுத்தை ஆசைக்கு அகலமாக வெட்டியிருந்ததால் தலை தப்பித்தது. தோளுக்குக் கீழே டாப் இறங்கவில்லை. பனியன் துணி என்றால் இழுத்த இழுப்புக்கு வரும். லினன் யார் பேச்சையும் கேட்காது. பதினாறு வருஷம் பனியன் துணியையே தொட்டவளுக்கு அது நினைப்பில் வரவேயில்லை. டாப் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் நின்றபோதுதான் கணவன் தனபால் வேலை முடிந்து வந்தான்.

"ஏன் அம்மிணி, யாராச்சும் துப்பாக்கியக் காட்டுனாங்களா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இருவருமாகச் சேர்ந்து உரித்தெடுத்தார்கள். சத்தம் கேட்டு வந்த ஜெயசுதா, கொடு, அரைமணி நேரத்தில் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்றாள். நல்ல மனசுதான். ஆனால் இன்னொரு கை பட்டுவிட்டால் இதுவும் கம்பெனி உருப்படி மாதிரி ஆகிவிடுமே! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சித்ரகலா இரண்டு பக்கத் தையலையும் கைமுனையிலிருந்து அடிவரை தானே பிரித்தாள். திருப்பூர் வீட்டில் பனியன் துணிக்கா பஞ்சம்? பழைய கறுப்பு டீ-சர்ட் ஒன்றை வெட்டி, பக்கத்துக்கு நாலு விரல் அகலத்தில் பட்டி வைத்துத் தைத்தாள். இந்தத் தடவை டாப் சமர்த்தாக இறங்கியது. கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கினாள், குனிந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் கிட்டுசாமி லேசுப்பட்டவர் அல்ல. ஒரு தையல் கோணினாலும் பீஸைத் தூக்கி எறிகிற ஆள். டாப்பை மேலும் கீழும் பார்த்தார். அடிமடிப்பில் ஒரு கோணல், கழுத்தில் ஒரு சுருக்கம், பக்கத்தில் கறுப்புப் பட்டி, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

"கை மட்டும் நீங்க ஏத்துன கையாட்டம் இருக்குதுங்க. மத்ததெல்லாம் வேற யாரு தெச்சாங்க?" என்று கேட்டார்.

வாயில் இருந்த பொரியைச் சித்ரகலா அவசரமாக விழுங்கினாள்.

"அதுவும் நாந்தானுங்க" என்றாள்.